செலஸ்தினா நீதிக்கதை அல்ல

ஸ்பானிய இலக்கியம் என்றதும் 'தோன் கிஹோத்தே'வுக்கு அடுத்தபடியாக அடிபடும் பெயர் 'லா செலஸ்தினா'. பெர்னாந்தோ தெ ரோஹாஸ் எழுதியது. 1499-இல் புர்கோஸ் நகரில் அச்சானது. முழுக்க உரையாடலாகவே நகரும் இந்த நூலுக்கு அறிமுகம் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பணத்தாசை பிடித்த செலஸ்தினா என்ற கிழவி, காசுக்காகக் கூட்டிக்கொடுத்து இரண்டு அப்பாவிக் காதலர்களைக் கெடுத்தாள். செய்த பாவத்துக்கு எல்லாரும் செத்தார்கள். ஆகவே பேராசை பெருநஷ்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூலைத் திறந்தால் இந்த விளக்கம் நாலு பக்கம்கூடத் தாங்காது.

'ஆசிரியரே அப்படித்தானே சொல்கிறார்' என்பார்கள். உண்மைதான். மதிகெட்ட காதலர்களைக் கண்டிக்கவும், தரகுக்காரிகளும் முகத்துதி செய்யும் வேலைக்காரர்களும் செய்யும் வஞ்சகத்தை எச்சரிக்கவுமே எழுதியதாக நூலின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். ரோஹாஸ் சட்டம் படித்தவர். யூத சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்தில் பிறந்தவர். முதல் அங்கம் வேறு யாரோ எழுதிக் கிடந்தது என்கிறார். தன் பெயரை அட்டையில் போடாமல், முன்பாடல் அடிகளின் முதல் எழுத்துகளைக் கோத்துப் படித்தால் மட்டும் தெரியும்படி ஒளித்து வைத்தார். 1525-இல் அவருடைய மாமனார் சமய விசாரணை மன்றத்தில் மாட்டிக்கொண்டபோது, மருமகனையே வழக்கறிஞராகக் கேட்டார். மதம் மாறிய வம்சம் என்பதால் மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட சூழலில் வாழ்ந்த ஒருவர் நூலின் வாசலில் மாட்டிவைத்த நீதிப் பலகையை அப்படியே நம்பிவிட முடியுமா?

அக்காலத்து அறிஞர்களுக்கே அதில் குழப்பம் இருந்தது. மனிதநேய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவேஸ், பெண்கள் கல்வி பற்றிய தம் நூலில் (1524) பெண்கள் தொடவே கூடாத புத்தகங்களில் செலஸ்தினாவைச் சேர்த்தார். 1531-இல் அவரே, அதன் துயர முடிவுக்காக ஆசிரியரைப் பாராட்டினார். நீதி அவ்வளவு பளிச்சென்று இருந்திருந்தால் ஒரே மனிதருக்கு இரண்டு கருத்து வந்திருக்காது.

அடுத்தது 'அப்பாவிக் காதலர்'. தோட்டத்தில் மெலிபேயாவைப் பார்த்து, அவளிடம் திட்டு வாங்கி வீடு திரும்பிய கலிஸ்தோ, வேலைக்காரன் செம்ப்ரோனியோ யோசனை சொன்ன உடனே கிழவிக்கு ஆள் அனுப்புகிறான். எடுத்த எடுப்பில் நூறு பொற்காசு கொடுக்கிறான். பெண் கேட்டுப் போகும் எண்ணம் அவனுக்கு ஒரு முறைகூட வரவில்லை. மெலிபேயா மட்டும் ஏமாந்தவளா? பதினாறாம் அங்கத்தில் பெற்றோர் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். மகளுக்கு ஆணைப் பற்றி எதுவுமே தெரியாது என்று தாய் பூரித்துப் போகிறாள். மறைந்து நின்று கேட்கும் மகளோ, ஒப்புக்குக் குடும்பம் நடத்துவதைவிட விரும்பியவனுக்கு ஆசைநாயகியாக இருப்பதே மேல் என்று வேலைக்காரியிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறாள். அதற்குள் கலிஸ்தோ அந்தத் தோட்டத்துக்கு இரவில் வந்துபோகத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

சூனியத்தின் மேல் பழி போடுபவர்களும் உண்டு. செலஸ்தினா பாதாள தெய்வத்தை அழைத்து மெலிபேயா வீட்டுக்குக் கொண்டுபோகும் நூல்கண்டில் மந்திரம் ஏற்றுவது உண்மை. ஆனால் மந்திரத்தில் அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. போகும் வழியெல்லாம் பயந்து புலம்பிக்கொண்டே போகிறாள். வேலையை முடித்தது அவளுடைய வாய். கலிஸ்தோ பெயரைக் கேட்டதும் மெலிபேயா சீறுகிறாள். கிழவி உடனே பேச்சை மாற்றுகிறாள்: அவனுக்குப் பல்வலி, அதற்கு நீ அறிந்த ஒரு ஜெபமும் உன் இடுப்புக் கயிறும் போதும். மெலிபேயா கயிற்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். ஜெபத்தை எழுதி வாங்க மறுநாள் ரகசியமாக வா என்றும் சொல்கிறாள். தாய்க்குத் தெரியாமல் வரச்சொன்னது மந்திரமா, மனமா?

சரி, பேராசைக்கு வருவோம். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிழவி, கலிஸ்தோவிடம் கூலியாக ஒரு மேலங்கி கேட்கிறாள். பங்கை எதிர்பார்த்துப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு வேலைக்காரன் பார்மெனோவுக்கு வயிறு எரிகிறது. காசு என்றால் மூன்றாகப் பிரிக்கலாம், துணியை எப்படிப் பிரிப்பது? பிறகு கலிஸ்தோ தங்கச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறான். அதன் பின், ஒரு நள்ளிரவில் இரண்டு வேலைக்காரர்களும் பங்கு கேட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எஜமானுக்காகச் சண்டை போட்டுக் கேடயமும் வாளும் நாசமாகிவிட்டன என்று செலவுக் கணக்கு வாசிக்கிறார்கள். அத்தனையும் பொய், சத்தம் கேட்டதும் முதலில் ஓடத் தயாரானவர்கள் அவர்கள்தான். கிழவியும் சளைத்தவள் இல்லை. என் வீட்டுப் பெண் எலிசியாவிடம் சங்கிலியை விளையாடக் கொடுத்தேன், எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை என்கிறாள். தச்சனோ கொல்லனோ தன் தொழிலால் பிழைப்பதுபோல நானும் என் தொழிலால் பிழைக்கிறேன் என்று வாதாடுகிறாள். வாய்ச்சண்டை முற்றி அவளைக் குத்திக் கொல்கிறார்கள். ஜன்னல் வழியாகக் குதித்தவர்கள் பிடிபட, தலை போகிறது.

இதைக் கிழவியின் பேராசை என்று மட்டும் சொல்வது சௌகரியமான வாசிப்பு. கலிஸ்தோ உழைப்புக்குச் சம்பளம் தருபவன் அல்ல. மனம் குளிர்ந்தால் அங்கி, சங்கிலி என்று வாரி எறிபவன். யாருக்கு எவ்வளவு என்று பேசி வைக்காத வீட்டில் பங்குச் சண்டை வராமல் எப்படி இருக்கும்? ஒன்பதாம் அங்கத்தில் அரேயூசா என்ற பெண் பேசுவதைப் படித்தால் இது இன்னும் விளங்கும்: பெரிய வீட்டு எஜமானிகள் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, கல்யாணச் செலவு தர வேண்டிய நேரம் வந்ததும் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்துகிறார்கள் என்கிறாள்.

தண்டனைக் கதையும் நிற்காது. வேலைக்காரர்கள் தலை போன அன்று இரவே கலிஸ்தோ வேறு ஆட்களுடன் ஏணியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறான். அப்போது விதி அவனைத் தொடவில்லை. பின்னொரு நாள், தெருவில் கூச்சல் கேட்டுத் தன் ஆட்களுக்கு உதவ இறங்கும்போதுதான் ஏணியிலிருந்து விழுந்து சாகிறான். நூல் முழுக்க அவன் பிறருக்காகச் செய்யப் புறப்பட்ட ஒரே காரியம் அது! மெலிபேயா கோபுரத்திலிருந்து குதிக்கிறாள். அரேயூசாவும் எலிசியாவும் பிழைத்துக்கொள்கிறார்கள். எந்தத் தப்பும் செய்யாத தந்தை ப்ளெபேரியோ தனியாக நின்று, யாருக்காகச் சொத்துச் சேர்த்தேன் என்று உலகத்தையும் காதலையும் சபிப்பதோடு கதை முடிகிறது. நீதிக்கதை என்றால் அங்கே இறைவனின் ஆறுதல் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

மற்ற ஸ்பானிய நூல்களும் பாவத்துக்குத் தண்டனை என்ற கொள்கைக்கு ஒத்துழைப்பதில்லை. 1554-இல் வெளிவந்த 'லாசரில்லோ' நாவலில் ஏமாற்றியே வளர்ந்த பையன் தண்டனை பெறவில்லை. தொலேதோவில் பறையறிவிக்கும் அரசு வேலை கிடைத்து, மனைவியைப் பற்றிய ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுகமாக இருக்கிறான். திர்சோ தெ மோலினா பெயரில் வழங்கும் நாடகத்தில், பெண்களை ஏமாற்றும் தோன் ஹுவான் நரகத்துக்குப் போகிறான். ஆனால் அதற்கு முன் அவனை, தூதராக இருக்கும் சித்தப்பா தப்ப வைக்கிறார். அரசர் அவனுக்குப் பிரபுப் பட்டமே தருகிறார். அவனைத் தண்டிக்க ஒரு கல்சிலை எழுந்து வர வேண்டியிருக்கிறது.

லாசரில்லோவை 1559-இல் தடை செய்து, 1573-இல் வெட்டித் திருத்தி வெளியிட்டவர்கள் அதை நீதிநூலாக நினைக்கவில்லை. ஆகவே, செலஸ்தினாவைப் புதிதாக எடுப்பவர்கள் முன்னுரையைத் தள்ளிவைத்துவிட்டு, பன்னிரண்டாம் அங்கத்தின் சங்கிலித் தகராறை முதலில் படித்துப் பார்க்கலாம்.