கடலுக்கு லீவு இல்லை... காவலுக்கு நிற்பவருக்கு?

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற யாரிடம் கேட்டாலும் 'ரிலீவர்' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்வார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் அடுத்த ஆள் வந்து நின்றால்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். வரவில்லை என்றால் சூப்பர்வைசர் போன் போடுவார். ஓ.டி. பார்க்க ஆள் தேடுவார். யாருமே கிடைக்கவில்லை என்றால் மெஷினை நிறுத்திவிடுவார். அன்றைக்கு உற்பத்தி குறையும், அவ்வளவுதான்.

அதே தட்டாஞ்சாவடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு பீச்சுக்குக் கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே கரையில் விசிலோடு நிற்பவரும் ஷிப்ட்டில்தான் இருக்கிறார். அவருடைய ரிலீவர் வரவில்லை என்றால் எந்த சுவிட்சை அணைப்பது? கடலை நிறுத்த முடியாதே!

லைஃப்கார்டு வேலை என்றதும் நீச்சல், உடல்பலம், துணிச்சல் என்றுதான் நமக்குத் தோன்றும். அவை வேண்டியவைதான். ஆனால், இந்தத் துறையின் பெரிய தலைவலி தண்ணீரில் இல்லை. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு நிற்பது என்று எழுதிவைக்கும் ஷிப்ட் சார்ட்டில் இருக்கிறது. அதில் வருகிற சிக்கல்களில் பலவும் திடீரென்று முளைப்பவை அல்ல. மாதக்கணக்கில் முன்பே தெரிந்தவை.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். இதற்காகவே ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக 2021-ல் ஐ.நா. அறிவித்தது.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கத்துவார் என்று நினைக்கிறோம். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் நீண்ட காலம் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படமெடுத்தே ஆராய்ந்தவர். அவர் கண்டது வேறு. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்த முடியாது. பெரும்பாலும் சத்தமே இருக்காது. நீர்மட்டத்தில் அந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிதான் நீடிக்கும்.

காவலர் இருந்தும் உயிர் போவது ஏன் என்பதற்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். மூழ்குகிறார் என்பதே பார்ப்பவருக்குப் புரியாதது ஒன்று. கண்காணிப்பு வேலையில் வேறு வேலை குறுக்கிடுவது இரண்டாவது. கவனம் சிதறுவது மூன்றாவது.

முதல் காரணத்துக்குப் பயிற்சிதான் மருந்து. மற்ற இரண்டும் எங்கே தொடங்குகின்றன? ஆள் குறைவாக இருக்கும் நாளில் 'கொஞ்சம் டிக்கெட் கவுன்ட்டரையும் பார்த்துக்கோ', 'அந்த லாக்கர் சாவியை எடுத்துக் கொடுத்துட்டு வா' என்று சொல்லும்போது தொடங்குகின்றன. சாப்பிடாமல் நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் வெயிலில் உட்காரவைக்கும்போது தொடங்குகின்றன. அதாவது, ஷிப்ட் சார்ட்டில்!

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நீச்சல்குளங்களுக்கு வகுத்துள்ள மாதிரி விதிகளில் ஒன்று, ஒருவரைத் தொடர்ந்து 60 நிமிடத்துக்கு மேல் கண்காணிப்பில் வைக்கக் கூடாது என்பது. நம் ஊரில் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வைத்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு காவல் நாற்காலி காலை 7 முதல் மாலை 7 வரை, வாரம் முழுக்கக் காலியாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84 மணி நேரம். இருவர் ஆளுக்கு 48 மணி நேரம் பார்த்தால் 96. பேப்பரில் கணக்கு சரியாக இருக்கிறது, மிச்சம்கூட இருக்கிறது.

ஆனால், ஒவ்வொரு மணி நேரத்திலும் 40 நிமிடம் தண்ணீரைப் பார்ப்பது, 20 நிமிடம் கண்ணுக்கு ஓய்வு என்று வைத்தால், 48 மணி நேரத்தில் ஒருவர் உண்மையாகக் கண்காணிப்பது 32 மணி நேரம்தான். இருவருக்கும் சேர்த்து 64. மீதி 20 மணி நேரம்? நாற்காலி காலியாக இருக்கும். அல்லது களைத்துப்போன கண்கள் உட்கார்ந்திருக்கும். இதில் காய்ச்சல், தலைவலி, உறவில் ஒரு கல்யாணம் எதையும் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் வேண்டும். 'ரெண்டு பேர் போதுமே' என்று சொல்கிற இடத்தில் விபத்துக்கான இடம் அப்போதே ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

காலண்டரிலேயே இருக்கிறது கூட்டம்

புதுச்சேரியில் கடற்கரைக்கு எப்போது கூட்டம் வரும் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. தினசரி காலண்டர் போதும்.

புத்தாண்டு, காணும் பொங்கல், வைத்திக்குப்பத்தில் சாமிகள் கடலாடும் மாசி மகம், கோடை விடுமுறை. ஆகஸ்ட்டில் இன்னும் விசேஷம். 15-ம் தேதி நாடு முழுக்க சுதந்திர தினம். மறுநாள் 16-ம் தேதி, 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் என்பதால் இங்கே தனி விழா. வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேரும் ஆடி ஐந்தாம் வெள்ளியில், அதே ஆகஸ்ட் நடுவில்தான் வருகிறது. நவம்பர் 1-ம் தேதி, 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்ததை நினைவுகூரும் விடுதலை நாள். அப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டிருக்கும். கடல் பொல்லாததாக இருக்கும்.

2023-ம் ஆண்டின் கடைசி வார இறுதியில் புதுச்சேரி கடலில் இறங்கிய 4 மாணவர்களை அலை இழுத்துப்போனது ஊரையே உலுக்கியது. ஆண்டின் கடைசி வாரத்தில் கூட்டம் வரும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

சிக்கல் இங்கேதான். கூட்டம் அதிகம் வரும் அதே நாளில்தான் காவலுக்கு நிற்பவருக்கும் லீவு வேண்டும். கடற்கரைக் கிராமத்துப் பையன் லைஃப்கார்டாக இருந்தால் சொந்த ஊர்த் தேரன்று அவன் எங்கே இருக்க ஆசைப்படுவான்? பொங்கலுக்கு அக்கா குடும்பம் வீட்டுக்கு வந்திருக்கும்போது, அவன் மட்டும் ஊரான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மணலில் நிற்க வேண்டும். கடைசி நேரத்தில் 'உடம்பு சரியில்லை' என்று ஒரு போன் வந்தால் அதைப் பொய் என்று கோபப்படுவதில் பயனில்லை. அந்த போன் வரும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பரீட்சை, படகு, சான்றிதழ்

திருவிழா கண்ணுக்குத் தெரியும். தெரியாத தேதிகளும் உண்டு.

நீச்சல்குளங்களில் ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் குவிவார்கள். அங்கே பகுதிநேரமாக நிற்பவர் கல்லூரி மாணவர் என்றால் அவருக்கு செமஸ்டர் பரீட்சை வருவதும் அப்போதுதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவ இளைஞர்களை நம்பி ஆள் போட்டிருக்கும் இடத்தில் அந்த இரண்டு மாதமும் ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் ஜூன் நடுவில்? கடலுக்குப் போனால் கூடுதல் வருமானம் என்றால் யார் கரையில் நிற்பார்கள்?

வெளிச்சமும் ஒரு கணக்கு. ஜூலையில் ஆறரை மணிக்கு மேல்தான் பொழுது சாயும். நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். காலை 9, மாலை 5 என்று ஆண்டு முழுக்க ஒரே அலுவலக நேரத்தை எழுதிவைத்தால், நான்கு மணிக்கு மேல் வரும் கூட்டம் காவலே இல்லாத நேரத்தில் தண்ணீரில் நிற்கும்.

மீட்பு மற்றும் முதலுதவிச் சான்றிதழ்கள் காலாவதியாகும் தேதியையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுத்தால், எல்லோருடைய சான்றிதழும் ஒரே நாளில் முடியும். அன்றைக்கு மொத்த அணியும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் அல்ல. 2022 கோடையில் அமெரிக்காவின் பொதுக் குளங்களில் மூன்றில் ஒரு பங்கு லைஃப்கார்டு பற்றாக்குறையால் பாதிக்கப்பட்டதாக அங்குள்ள லைஃப்கார்டு சங்கம் சொன்னது. கொரோனா காலத்தில் பயிற்சி வகுப்புகள் நின்றுபோனது முக்கியக் காரணங்களில் ஒன்று. பயிற்சி நின்றால் பிறகு ஆள் இருக்க மாட்டார்கள் என்பது அன்றே தெரிந்த விஷயம்தான்.

ஷிப்ட் மாறும் நேரம்

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருக்கிறது பாண்டை கடற்கரை. 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. அடுத்தடுத்து வந்த பேரலைகள் சுமார் 250 பேரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றன. இறந்தவர்கள் 5 பேர். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

காரணம், உயிர்காப்புக் குழுவினர் முறை மாறும் நேரம் அது. வருகிறவர்களும் போகிறவர்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட மீட்பாளர்கள் அந்த மணலில் இருந்தார்கள். அன்றைக்கு அது அதிர்ஷ்டம். ஆனால், அதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய ஆள் இறங்கிப்போன பிறகு புது ஆள் வருவதல்ல ஷிப்ட் மாற்றம். கால் மணி நேரமாவது இருவரும் சேர்ந்து நிற்பதுதான். 'அந்தப் பக்கம் இழுவை இருக்கு', 'நீலச் சட்டைப் பையன் ரெண்டு தடவை உள்ளே போயிட்டான்' என்று சொல்லிவிட்டுப் போக அந்த நேரம் வேண்டும். அதற்கும் சேர்த்துச் சம்பளம் வேண்டும்.

என்ன செய்யலாம்?

சார்ட் எழுதுகிறவர், ஆண்டு தொடங்கும்போதே கூட்டம் வரும் நாட்களை காலண்டரில் வட்டமிடலாம். பொங்கலுக்கு லீவு எடுத்தவருக்குப் புத்தாண்டில் வேலை, அடுத்த ஆண்டு மாற்றி என்று சுழற்சி வைக்கலாம். தனக்கும் ஒரு முறை வரும் என்று தெரிந்தால் யாரும் வயிற்றுவலி என்று போன் செய்ய மாட்டார்கள். கூப்பிட்டால் வரக்கூடிய நான்கு பேரின் பட்டியலைக் கையில் வைத்திருக்கலாம். அதற்கும் மேல் ஒரு விதி வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்தப் பகுதியில் சிவப்புக் கொடி. குளமாக இருந்தால் பூட்டு. 'இன்னிக்கு ஒருநாள் சமாளிச்சுக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

வேலையில் இருப்பவரும் பரீட்சைத் தேதி, தங்கை கல்யாணம், ஊர்த் திருவிழா என்று தெரிந்ததை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடலாம். சொன்னால் திட்டுவார்கள் என்ற பயத்தை மேலதிகாரி போக்கினால்தான் இது நடக்கும்.

சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் பீச் 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. குளிக்க வருகிறவர்களின் பாதுகாப்பு ஏற்பாடும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் அடக்கம். கொடி ஏற்றுவது ஒருநாள் விழா. அதைக் காப்பாற்றுவது ஒவ்வொரு நாளும் ஒருவர் நேரத்துக்கு வந்து நிற்பதுதான்.

பீச்சுக்கோ குளத்துக்கோ பிள்ளைகளோடு போகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் சுற்றிலும் பார்த்து, 'இப்போ இங்கே யார் பார்த்துட்டிருக்காங்க?' என்று கேட்க வேண்டும். பதிலாக ஒருவரைக் கைகாட்டினால் இறங்கலாம். 'இப்போ வந்துடுவார்' என்று சொன்னால், அவர் வரும் வரை மணலில் வீடு கட்டி விளையாடலாம். பிள்ளைகள் கொஞ்சம் சிணுங்குவார்கள், பரவாயில்லை.