அடையிருக்கும் கோழி

புதுச்சேரி நகரில் புறக்கடை உடையோர் வளர்க்கத்தக்க கோழி எது? அந்நகரைப் போன்றே பிரெஞ்சியர் ஆண்ட மாகேக்கு அருகிலுள்ள தலைச்சேரியின் பெயரைத் தாங்கிய நாட்டினத்தையே முதலில் கூற வேண்டும். கருஞ்சிறகில் நீலம் மின்னும் அக்கோழி, முட்டைக் கணக்கில் தோற்கும், உண்மைதான். பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடும், ஆனால், அடையிருக்காது. அடைக்காலத்தில் கோழி முட்டையிடாது. ஆதலால், வணிக நோக்கினர் அவ்வியல்பைக் குறையெனக் கருதி, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீக்கினர். புறக்கடையிலோ அதுவே பெருஞ்செல்வம். நாட்டுக்கோழி மின்பொறியின்றி 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பருந்தின் நிழல் கண்டால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும். முட்டை மிகுதியை விரும்பிக் கலப்பினச் சேவலை உடன் விடுவோர் உளர். அது பிழை. சில தலைமுறைகளில், கரிய இறகு எஞ்சினும் அடையிருக்கும் இயல்பு எஞ்சாது போகலாம். பிறகு ஒவ்வொரு குஞ்சையும் விலைகொடுத்தே வாங்க நேரும்.