பாரத ரத்னா வந்தது, விலை வரவில்லை

ஆரோன் ஆரோன்சன் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த யூதப் பயிர் விஞ்ஞானி. 1906இல் காட்டுக் கோதுமையைக் கண்டெடுத்துப் புகழ் பெற்றவர். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டின்போது சியோனிஸ்டுகள் தரப்பில் நின்று, பாலஸ்தீன எல்லைக்கோடு எந்தெந்த நீர்நிலைகளை உள்ளே வைக்க வேண்டும் என்று வாதாடினார். மண்ணும் தண்ணீரும் தெரிந்தவர் பேச்சுவார்த்தைக்குப் போனால் பேச்சே வேறு.

நம்மில் அப்படிப் போனவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வாகியும் மரபியல் படிக்கப் போனவர். 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர். போல்பாட் காலத்தில் கம்போடியாவின் விதைநெல் பெருமளவு அழிந்துபோயிருந்தது. அதற்கு முன்பே சேகரித்து அந்த நிலையம் காப்பாற்றி வைத்திருந்த கம்போடிய ரகங்கள் 80களில் ஊர் திரும்பத் தொடங்கின. அப்போது ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி நாட்டை ஆண்ட அரசிடம் இல்லாமல் அதன் எதிர்த்தரப்பிடம் இருந்தது! இந்த சுவாமிநாதனைத்தான் எனக்குப் பிடிக்கும். குட்டை ரகமும் யூரியாவும் வந்து எங்கள் பக்கத்தில் நாட்டு நெல் போனதில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் 1968இலேயே, மண்ணைக் கசக்கிப் பிழிந்தால் கெடுதல் வரும் என்று எச்சரித்தவரும் அவர்தான்.

வெளிநாட்டில் எடுபட்ட அவர் பேச்சு டெல்லியில் எடுபடவில்லை. 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக, உற்பத்திச் செலவுக்கு மேல் பாதியாவது கூட்டி ஆதார விலை கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டோம் என்கிறது அரசு. எந்தச் செலவுக்கு மேல்? விதை, உரம், கூலி, குடும்ப உழைப்பு எல்லாம் உண்டு; சொந்த நிலத்தின் வாடகை கிடையாது. வாலாஜாபாத் பக்கம் தென்னேரிப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம். குத்தகைக்கு விட்டால் வீட்டில் உட்கார்ந்தபடியே நெல் வந்து இறங்கும். சம்பாவோ நவரையோ, நானே நட்டால் அந்த நெல் செலவுக் கணக்கிலேயே ஏறாது. பிறகு எதற்கு நடுகிறாய் என்கிறான் மகன்.

2024 பிப்ரவரி 9 அன்று அவருக்கு பாரத ரத்னா அறிவித்தார்கள். நான்காம் நாள், அவர் சொன்ன விலையைக் கேட்டு டெல்லிக்குப் புறப்பட்ட விவசாயிகள் மீது ஹரியாணா எல்லையில் கண்ணீர்ப்புகை. விவசாயிகளைக் குற்றவாளிகளாக நடத்தாதீர்கள் என்று அவர் மகள் மதுரா சுவாமிநாதன் சொல்ல வேண்டியிருந்தது.

புதிதாக எந்த ஆணையமும் வேண்டாம். நில வாடகையும் வட்டியும் சேர்ந்த முழுச் செலவை, ஆதார விலையைப் பரிந்துரைக்கும் விலை ஆணையம் வருஷா வருஷம் கணக்கிட்டுத்தான் வருகிறது. அடுத்த அறிவிப்பில் அதன் ஒன்றரை மடங்கை விலையாகப் போடட்டும்.