குறைந்த சரக்கு, குறையாத விலை

நான் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் விளம்பரத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வழவழப்பான தாள். லிஃப்ட் உண்டு, மொட்டைமாடியில் தோட்டம் உண்டு, ஜெனரேட்டர் உண்டு என்று போட்டிருக்கும். கட்டியவர் பெயர் வேண்டாம், பாவம். ஒன்றரை வருடம் தாமதமாகச் சாவி கொடுத்தார். லிஃப்டுக்கான குழி இருந்தது, லிஃப்ட் இல்லை. தோட்டத்துக்குப் பதிலாக இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். கேட்டதற்கு, "சார், பில்டிங் ஸ்ட்ராங்கா இருக்கா இல்லையா, அத மட்டும் பாருங்க" என்றார். ஸ்ட்ராங்காகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் லிஃப்டுக்கான காசை விலையில் கழித்தாரா என்றால், ம்ஹும்.

என்னடா, கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன் என்று போன வாரம் சொல்லிவிட்டு வீட்டுப் புராணம் பாடுகிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே புராணம்தான்.

சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு ஒரு புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா? இந்தச் சண்டை உச்சத்தில் நடந்தது 2004 ஆகஸ்ட் மாதத்தில். சண்டைக்குக் காரணம், மைக்ரோசாஃப்ட்டின் லாங்ஹார்ன். பிற்பாடு விஸ்டா என்று ஞானஸ்நானம் பெற்ற அதே பிரகிருதி.

பெயர்க் காரணம் சுவாரசியமானது. கனடாவில் விஸ்லர், பிளாக்கோம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள். 2001 அக்டோபர் 25ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு உள்வட்டத்தில் விஸ்லர் என்று பெயர். அடுத்து வரவேண்டிய பெரிய சிஸ்டத்துக்கு பிளாக்கோம். இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மதுக்கடையின் பெயர் லாங்ஹார்ன். அதாவது ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிற வழியில் சற்றே இளைப்பாறிக்கொள்ள ஒரு சிறு வெளியீடு. அவ்வளவுதான் ஆரம்பத் திட்டம். இளைப்பாற உள்ளே போனவர்கள் ஐந்து வருடத்துக்கு எழுந்து வரவே இல்லை.

2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் மென்பொருள் எழுதுபவர்களை எல்லாம் கூட்டிவைத்து விளம்பரத் தாளைக் காட்டினார்கள். மூன்று தூண்கள் என்றார்கள். திரையில் தெரிவதை எல்லாம் புதிதாக வரையப்போகும் அவலான். கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ள இண்டிகோ. மூன்றாவதாக வின்எஃப்எஸ். ஜனங்களை வாய்பிளக்க வைத்தது இந்த மூன்றாவதுதான். கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவே வேண்டாம். போன தீபாவளிக்கு மதுரைச் சித்தப்பா அனுப்பிய படங்கள் என்று கேட்டால், சித்தப்பா யார், தீபாவளி எப்போது, அவர் அனுப்பிய கடிதம் எது, படம் எது என்று எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டு எடுத்துக் கொடுக்கும். கேட்கவே எத்தனை ஜோராக இருக்கிறது! இதே மாதிரி ஒன்றை கெய்ரோ என்ற பெயரில் தொண்ணூறுகளிலேயே பேசி, செய்யாமல் விட்டவர்கள்தாம் இவர்கள் என்பதை அப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கல்யாண வீட்டில் பழைய கதை எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

பத்தே மாதம். 2004 ஆகஸ்ட் 27 அன்று அறிவிப்பு வந்தது. 2006ல் சிஸ்டம் வந்துவிடும். ஆனால் வின்எஃப்எஸ் அதில் இருக்காது. கூடவே இன்னொன்று. அவலானும் இண்டிகோவும் பழைய எக்ஸ்பிக்கும் கிடைக்கும்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். மூன்று தூண்களில் ஒன்றைக் காணோம். மற்ற இரண்டும் ஏற்கெனவே நீங்கள் குடியிருக்கிற பழைய வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அப்புறம் புது வீட்டுக்கு எதற்காகக் காசு கொடுக்கவேண்டும்?

ஒரு கோஷ்டி இதைத்தான் கேட்டது. இன்னொரு கோஷ்டியோ, "அரைகுறையா எல்லாத்தையும் போட்டுக் கெடுக்கறதைவிட, முடிஞ்சதை மட்டும் ஒழுங்கா கொடுக்கறது நல்லதுதானே?" என்றது.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், வெட்டியதில் எனக்குச் சண்டையே இல்லை. வெட்டியது சரி. 2004 ஜூலையில் ஜிம் ஆல்சின் என்கிற மூத்த அதிகாரி, பில் கேட்ஸின் அறைக்கே போய், இது ஓடப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். மறு வருடம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை விவரமாக எழுதியது. ஆளாளுக்கு எழுதிச் சேர்த்ததில் உள்ளே இடியாப்பச் சிக்கல். எழுதியதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சர்வர் 2003க்காக எழுதிய உறுதியான அஸ்திவாரத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள். மூன்று வருட உழைப்பை வீண் என்று ஒத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும். அந்த ஆல்சினுக்கு ஒரு சலாம்.

என் சண்டை பில்லோடு. பி.காம். படித்தவனுக்கு வேறு எதில் சண்டை வரும்?

2002ம் வருடம் ஆகஸ்டில் ஒரு புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ். கம்பெனிகள் வருடாவருடம் ஒரு தொகை கட்டவேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருள் என்றால், லைசென்ஸ் விலையில் 29 சதவிகிதம். கட்டிக்கொண்டே இருந்தால், அந்தக் காலத்துக்குள் வருகிற புதிய வெர்ஷன் தனிக் காசில்லாமல் கிடைக்கும். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் 87 சதவிகிதம். கிட்டத்தட்ட இன்னொரு லைசென்ஸ் வாங்கிய கணக்கு. சரி, 2002ல் கையெழுத்துப் போட்டு, விண்டோஸுக்கும் சேர்த்துக் கட்டியவருக்கு 2005ல் ஒப்பந்தம் முடிகிறது. இடையில் டெஸ்க்டாப்புக்குப் புதிய விண்டோஸ் எதுவும் வந்ததா? வரவில்லை. கம்பெனிகளுக்கு விஸ்டா கிடைத்ததே 2006 நவம்பர் 30ல்தான். வராத பஸ்ஸுக்கு மூன்று வருடம் சீசன் டிக்கெட்.

கணக்குப் பாடத்தில் முன்பணம் என்று ஒரு சமாசாரம் சொல்லித்தருவார்கள். பொருளைக் கொடுக்கும் வரை அது வாங்கியவனுக்கு வருமானம் இல்லை, கடன். எங்கள் பேராசிரியர் இதை மேஜையைத் தட்டித்தட்டிச் சொல்வார். அமெரிக்காவிலும் அதே பாடம்தான் நடத்தியிருப்பார்கள். ஆனால் அந்தத் தாமதத்துக்கு வாடிக்கையாளர் கட்டியதுதான் மிச்சம்.

போகட்டும். பொதுஜனத்துக்கு விஸ்டா வந்தது 2007 ஜனவரி 30ல். ஒன்றல்ல, ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு. ஓட்டலில் சாப்பாடு கேட்டால் ஆறு விதத் தட்டு. அல்டிமேட்டின் முழு விலை அமெரிக்காவில் 399 டாலர். ஹோம் பேசிக் 199. அந்த 199 டாலருக்கு, விளம்பரத்தில் பளபளத்த கண்ணாடி ஜன்னல் கூடக் கிடையாது! ஏற்கெனவே வெட்டிய சரக்கை மறுபடி ஆறாக வெட்டிவிட்டார்கள்.

இதற்குமேல் ஒரு ஸ்டிக்கர் கூத்து. விஸ்டா வருவதற்கு முன்பே, புதிய கம்ப்யூட்டர்களில் விஸ்டாவுக்குத் தகுதியானது என்று ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றில் அந்த ஏழை பேசிக்தான் ஓடும். வழக்கு சியாட்டில் கோர்ட்டுக்குப் போனது. 2008ல் கம்பெனியின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இன்டெலின் 915 சிப்செட்டுக்கும் ஸ்டிக்கர் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தகுதியைத் தளர்த்திய கதையை அவர்களே எழுதிவைத்திருந்தார்கள். தன்னுடைய 2,100 டாலர் லேப்டாப் வெறும் மின்னஞ்சல் இயந்திரமாகிவிட்டது என்று அங்கேயே ஒரு துணைத்தலைவர் புலம்பியிருக்கிறார். பிறகு 2009ல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்தும் அனுமதியை நீதிபதி திரும்பப் பெற்றதோடு விவகாரம் நீர்த்துவிட்டது. அது வேறு.

விஸ்டாவில் ஒன்றுமே இல்லையா என்றால், அதுவும் அபாண்டம். தேடல் நன்றாக இருந்தது. வின்எஃப்எஸ் இல்லாவிட்டாலும், ஸ்டார்ட் மெனுவில் நாலு எழுத்து தட்டினால் கோப்பு வந்தது. பாதுகாப்பு முன்னைவிடப் பல மடங்கு தேவலாம். எதைத் தொட்டாலும் "அனுமதி தரலாமா?" என்று அது கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியதை மன்னித்துவிடலாம். தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியவேண்டுமானால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகள் பகுதியைத் தேடி, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் போட்டு, சிடியைச் சொருகி, ரீஸ்டார்ட் செய்யவேண்டும். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், மிச்சத்துக்குக் கட்டம் கட்டமாக. "அண்ணே, சிடி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். விஸ்டாவில் பெட்டியைத் திறந்ததுமே தமிழ் தமிழாகத் தெரிந்தது. இந்த ஒன்றுக்காகவே அதற்கு மாலை போடத் தயாராக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்கிற புழு உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் படுக்கவைத்தபோது, லாங்ஹார்ன் வேலையில் இருந்தவர்களையே இழுத்துவந்து எக்ஸ்பியைச் செப்பனிட்டார்கள். அதுதான் 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2. தீச்சுவர் இயல்பாகவே இயங்கும் நிலையில் வந்தது, ஆயிரம் ஓட்டைகள் அடைபட்டன. கிட்டத்தட்டப் புதிய சிஸ்டம். விலை? பூஜ்யம். அதே மாதத்தில்தான் வின்எஃப்எஸ்ஸை வெட்டிய அறிவிப்பும். ஒரு கையால் நல்ல சரக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு, மறு கையால் குறைத்த சரக்குக்கு பில் போட்டால், வாங்குகிறவன் எந்தக் கையைப் பார்ப்பான்?

எந்தக் கையைப் பார்த்தான் என்பது 2007 ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர் நச்சரிப்புத் தாங்காமல் டெல் கம்பெனி எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர்களை மறுபடி விற்க ஆரம்பித்தது. 2008 ஜனவரியோடு எக்ஸ்பி விற்பனையை நிறுத்துவதாக இருந்த மைக்ரோசாஃப்ட், ஜூன் 30 வரை நீட்டித்தது. மலிவான குட்டி லேப்டாப்களுக்கு அதற்குப் பிறகும் கொடுத்தது. பழசு போதும் என்று காசு கொடுப்பவன் சொன்னான், விற்பவன் இறங்கிவந்தான். அபூர்வம்.

சரி, விஸ்டாவை நம்பி வாங்கியவர்கள் கதி? 2009 அக்டோபர் 22ல் விண்டோஸ் 7 வந்தது. ஆஹா ஓஹோ என்றார்கள். நல்ல சிஸ்டம்தான். ஆனால் அதன் உள் வெர்ஷன் எண் என்ன தெரியுமா? 6.1. விஸ்டாவின் எண் 6.0. பழைய மென்பொருள்கள் குழம்பக் கூடாது என்பதற்காக வைத்த எண் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். விஸ்டாவின் மேல்தான் ஏழு கட்டப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே? 2009 ஜூன் 26க்குப் பிறகு விஸ்டா கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத்தான் சலுகை. அதற்கு முன் வாங்கிய அப்பாவி, ஹோம் பிரீமியம் அப்கிரேடுக்கு இன்னொரு 119.99 டாலர் எடுத்துவைக்கவேண்டும். ஒத்திகைக்கும் டிக்கெட், நாடகத்துக்கும் டிக்கெட்.

வேறு எப்படித்தான் செய்வது என்று கேட்பீர்கள். அதே 2009ல், ஆகஸ்ட் 28 அன்று, ஆப்பிள் ஸ்னோ லெப்பர்டை வெளியிட்டது. புதிய வசதி பெரிதாக எதுவும் இல்லை. இருப்பதைச் சுத்தம் செய்து, சுருக்கி, வேகமாக்கியிருக்கிறோம் என்று மேடையேறி வெளிப்படையாகச் சொன்னார்கள். முந்தைய லெப்பர்டின் விலை 129 டாலர். லெப்பர்ட் வைத்திருந்தவர்களுக்கு இதன் விலை 29. சண்டையே வரவில்லை. ஆப்பிள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. கம்ப்யூட்டரை விற்றே சம்பாதித்துவிடுகிறவர்களுக்கு மென்பொருளை மலிவாகக் கொடுப்பது சுலபம்தான். ஆனாலும் இன்டெல் மேக் வைத்திருந்தவர் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எவ்வளவு என்று தெரிந்து வாங்கினார்.

இப்போது எதற்கு இந்தப் பழைய பஞ்சாங்கம் என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறுவதற்குக் காசு இல்லை. ஆனால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். 2016ல் நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் தேறாது. ஆக, அப்கிரேட் இலவசம், அதை ஓட்டப் புதிய பெட்டி வாங்கவேண்டும். வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருடம் மட்டும், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகச் சொல்லி 30 டாலர் கேட்டார்கள். காசில்லாவிட்டால் உங்கள் செட்டிங்குகளை எங்கள் கணக்கில் சேமியுங்கள் என்றார்கள். எக்ஸ்பி காலத்தில் முரண்டு பிடித்தது மாதிரி இப்போது முரண்டு பிடிக்க முடியாது. திருத்தங்கள் இல்லாத சிஸ்டத்தில் பேங்க் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது மாதிரி.

உங்கள் பெட்டி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பதினொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், காசா பணமா. இல்லாவிட்டால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். லினக்ஸ் மின்ட் இலவசம். கடிதம் எழுத, படம் பார்க்க, இணையம் மேய அது தாராளமாகப் போதும். ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். இருப்பது எதுவும் அழியாது. கடைக்காரர் "சார், இது பழைய மாடல், இனிமே ஓடாது, புதுசா எடுத்துடுங்க" என்பார். ஓடுகிறதா இல்லையா என்று வீட்டுக்கு வந்து நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள்.