பின்னணியில் ஓடுவது யாருடைய வேலை?

மட்டாஞ்சேரியில் அரசுப் பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை ஒரே நாளில் இருவேறு கணினிகளைக் கையாள நேர்கிறது. பள்ளியில் இருப்பது கேரள அரசின் 'கைட்' நிறுவனம் வடிவமைத்துத் தரும் குனூ/லினக்ஸ். வீட்டில் இருப்பது, கடையில் வாங்கும்போதே விண்டோஸும் அதனோடு ஒட்டிவந்த பல மென்பொருள்களும் நிறுவப்பட்டிருந்த மடிக்கணினி. வீட்டுக் கணினி மூன்றாம் ஆண்டிலேயே திணறத் தொடங்குகிறது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் திரை ஒருநிலைக்கு வருவதில்லை. யாரிடம் கேட்டாலும் ஒரே தீர்ப்பு: கருவி பழையதாகிவிட்டது, புதியது வாங்குக.

இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. தூசி அடைத்து வெப்பம் ஏறுவதும் வன்தட்டு பழுதாவதும் உண்டு. அவற்றைச் சோதித்து விலக்கிவிடலாம். மற்றபடி செயலி வயதால் தளர்வதில்லை. மூன்று ஆண்டுகளில் மாறியிருப்பது அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அச்சுமை கண்ணுக்குத் தெரியும். உரிமையாளர் திறந்திருப்பது ஒரே ஒரு கட்டுரைக் கோப்பு. பட்டியலில் ஓடிக்கொண்டிருப்பவையோ நூற்றுக்கும் மேல். நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் வன்தட்டு நொடிக்கு நூறுக்கும் குறைவான சிதறிய வாசிப்புகளையே தாங்கும். வைரஸ் தடுப்பான், தேடல் அட்டவணையாக்கி, நான்கைந்து நிறுவனங்களின் புதுப்பிப்பான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதன் வாசலில் நின்றால், கட்டுரைக் கோப்பு வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

இங்கே எழுப்ப வேண்டிய கேள்வி, இவற்றில் எவை யாருக்காக ஓடுகின்றன என்பது. வைரஸ் தடுப்பான் உரிமையாளருக்காக ஓடுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பும் அவ்வாறே. ஆனால் பயன்பாட்டுத் தரவைச் சேகரித்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பும் சேவை யாருக்காக? விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் வீட்டுப் பதிப்பில், 'தேவையானது' என்று நிறுவனம் வகுத்த தரவு அனுப்பப்படுவதை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்தப் பயனருக்கு வழியில்லை. 2015இல் விண்டோஸ் 10 வெளியானபோது, ஒருவர் பதிவிறக்கிய புதுப்பிப்பின் துண்டுகளை இணையத்தில் முன்பின் அறியாத பிறர் கணினிகளுக்கும் ஏற்றி அனுப்பும் வசதி, வீட்டுப் பதிப்பில் முன்னதாகவே இயக்கப்பட்டிருந்தது. அலைவரிசைக்குக் காசு கொடுத்தவர் பயனர். வழங்குசெலவு மிச்சமானது நிறுவனத்துக்கு.

இதனோடு இன்னொன்றை ஒப்பிட வேண்டும். 2017 செப்டம்பரில் தோன்றி 2019 மார்ச்சில் மூடப்பட்ட காயின்ஹைவ் என்னும் நிரல், இணையதளத்துக்கு வந்தவரின் கணினியைக்கொண்டு அவர் அறியாமலே மொனேரோ நாணயத்தை அகழ்ந்தது. உலகமே அதைத் திருட்டு என்றது. தடுப்பான்கள் அதைத் தீநிரல் பட்டியலில் சேர்த்தன. அதன் குற்றம் ஒப்புதலின்றிப் பிறர் செயலியைப் பயன்படுத்தியது. அதே அளவுகோலை, பெயர்பெற்ற நிறுவனம் ஒப்புதலின்றித் தொடக்கப் பட்டியலில் செருகிவைக்கும் நிரலுக்கும் ஏன் பொருத்துவதில்லை? பல பக்க உரிம ஒப்பந்தத்தின் அடியில் இட்ட ஒரு சொடுக்கை ஒப்புதல் என்று ஏற்பது, ஒப்புதல் என்ற சொல்லையே பொருளற்றதாக்குவது.

வெளிப்படைத்தன்மை என்றால் என்னவென்று மட்டாஞ்சேரிக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில், மின்னணு முறை வரும்வரை, விலைகள் கூடத்தின் நடுவே உரக்கக் கூவப்பட்டன. அவ்வணிகம் அறம் பிறழாதது என்று எவரும் சாதிக்க மாட்டார்கள். ஆயினும் யார் கேட்கிறார், யார் கொடுக்கிறார், என்ன விலை என்பவை கூடத்தில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தன. வீட்டுக் கணினிக்குள் நடக்கும் பேரத்தில் பொருளுக்கு உரியவருக்கே விலை கேட்பதில்லை.

ஒவ்வொரு நிரலும் எடுத்துக்கொள்வது அற்பம், இதற்கு இத்தனை ஆரவாரமா என்பது வழக்கமான மறுப்பு. பின்னணி நிரல்களுக்கு 'டீமன்' என்ற பெயர் வந்த வரலாறே இதற்கு விடை தரும். 1963இல் எம்.ஐ.டி.யின் புராஜெக்ட் மேக் குழுவினர், இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் ஓயாது மூலக்கூறுகளைப் பிரிக்கும் பூதத்தை நினைத்தே அப்பெயரை இட்டனர். 1961இல் ரால்ஃப் லாண்டவர், தகவலை அழிப்பதற்குக்கூடக் குறைந்தபட்ச ஆற்றல்செலவு உண்டு என்று வாதிட்டார். அவ்வழியே சென்றுதான் மாக்ஸ்வெல்லின் பூதமும் இலவசமாக உழைப்பதில்லை என்பது பின்னர் விளக்கப்பட்டது. கணினிப் பூதங்களும் இலவசமாக உழைப்பதில்லை. கூலி அற்பம் என்று சொல்வோர் அதைத் தாமே கொடுக்க முன்வருவதுமில்லை. சிறிய அளவுகள் சேர்ந்து, இறுதியில் புதிய மடிக்கணினியின் விலையாக அந்தக் குடும்பத்தின் தலையில் இறங்குகின்றன.

கட்டற்ற மென்பொருளில் இத்தகைய பிழையே இல்லை என்பதும் உண்மையன்று. 2012இல் உபுண்டு 12.10, பயனர் தம் கணினிக்குள் தேடும் சொற்களை இணையத்துக்கு அனுப்பி அமேசான் பொருள்களை விடையாகக் காட்டியது. ஆனால் மூலநிரல் திறந்திருந்தது. என்ன நடக்கிறது என்று காண முடிந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2016இல் வந்த 16.04 பதிப்பில் அவ்வசதி முன்னிருப்பாக அணைக்கப்பட்டது. பிழையைக் கண்டு திருத்தும் வாய்ப்பு இருந்தது என்பதே இங்கு வேறுபாடு. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' எனத் தொடங்கி 2017இல் 'கைட்' என வளர்ந்த கேரளத் திட்டத்தின் பெருமையாக உரிமச் செலவுச் சேமிப்பே பேசப்படுகிறது. கணினிக்குள் ஓடுவதைத் திறந்து பார்க்கும் உரிமை ஒரு தலைமுறைக்குப் பள்ளியிலேயே கிடைத்தது என்பது அதனினும் பெரிது. அவ்வுரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதுதான் அவலம்.

இதில் கல்விப்புலத்தின் பங்கு சிறிதன்று. கணினி அறிவியல் துறைகள் இயங்குதளப் பாடத்தில் செயல்முறைகளின் முன்னுரிமையை வகுக்கும் விதத்தைக் கற்பிக்கின்றன. அந்த முன்னுரிமையை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்பதில்லை. சமூகவியல் துறைகள் கண்காணிப்பு முதலாளியம் பற்றிக் கருத்தரங்கு நடத்திவிட்டு, ஆய்வேடுகளை வேர்ட் கோப்பாகவே கேட்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டி.பி.எம். 2.0 இல்லாத கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. நன்றாக இயங்கும் கருவிகளைக் கழிவாக அறிவிக்கும் இம்முடிவைப் பல்கலைக்கழகங்கள் புதிய கொள்முதலுக்கான காரணமாக மட்டும் எடுத்துக்கொள்வது அறிவுத்துறைக்கு அழகன்று.

கேட்க வேண்டியவை எளியவை. எந்த நிரலும் தொடக்கப் பட்டியலில் நுழையுமுன் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வொன்றும் தான் யாருடையது, என்ன செய்கிறது, எதை எங்கே அனுப்புகிறது என்பதைப் பயனரின் மொழியில், தமிழிலும் மலையாளத்திலும், சொல்ல வேண்டும். பாதுகாப்புக்கு இன்றியமையாதவை தவிர மற்றவற்றை நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் கணினி வாங்கும் நிறுவனங்கள் இவற்றை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளாக்க வேண்டும்.

அதுவரை ஒரு செய்முறைப் பயிற்சியை எந்த ஆசிரியரும் நாளையே கொடுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கணினியின் தொடக்கப் பட்டியலை எழுதிவரட்டும். வீட்டாருக்காக ஓடுபவை ஒரு பக்கம், பிறருக்காக ஓடுபவை மறுபக்கம், யாருக்கென்றே தெரியாதவை மூன்றாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஐயம் தீர்ந்த பின் நிறுத்திப் பார்க்கட்டும். புதிய கணினி வாங்குவதா என்ற பேச்சை வீட்டில் அதன்பிறகு எடுக்கலாம்.