விசாரணையே கூடாதா?

ஓட்டிங் வழக்கு முடித்துவைக்கப்பட்டுவிட்டது. நாகாலாந்தின் மோன் மாவட்டத்து ஓட்டிங் கிராமத்தில் அப்பாவிகளைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட, ஒரு மேஜர் உள்ளிட்ட ராணுவத்தினர் 30 பேர் மீதான நடவடிக்கைகளை 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நீதிமன்றத்தின் மீது நமக்குக் கோபமில்லை. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழக்கு நகராது என்பது சட்டம். அனுமதி தர மறுத்தவர்கள் மீதுதான் கோபம்.

ராணுவத்தினர் மீதான குற்றச்சாட்டை ராணுவ நீதிமன்றம் விசாரிப்பதா, பொது நீதிமன்றம் விசாரிப்பதா என்பது பழைய விவாதம். ஓட்டிங் மக்களுக்கு இன்றுவரை இரண்டில் எதுவும் கிடைக்கவில்லை.

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. வாரமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த எட்டுப் பேர் ஞாயிறு வீட்டில் இருக்கலாம் என்று ஒரு பிக்கப் வண்டியில் ஊர் திரும்பினார்கள். தீவிரவாதிகள் வருவதாக வந்த தகவலை நம்பிப் பதுங்கியிருந்த சிறப்புப் படையினர் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். தேடிப்போன ஊரார், தார்ப்பாயில் சுற்றிய உடல்களை ராணுவ வண்டியில் கண்டு கொதித்தெழுந்தார்கள். அந்த மோதலில் இன்னும் ஏழு கிராமத்தினரும் ஒரு படைவீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் மேலும் ஒருவர் பலியானார். செத்தவர்களில் ஒருவருக்குத் திருமணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வண்டியை விவரிக்கத் தேவையில்லை. உருக்காலை வாசலில் குட்டியானை வந்து நிற்கும். ஷிப்டு முடிந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் முடியில் இரும்புத் தூசியோடு, ஒரு கையில் டிபன் டப்பாவும் மறுகையில் கம்பியுமாகத் தொற்றிக்கொள்வார்கள். கவரைப்பேட்டை தாண்டுமுன் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அந்த வண்டிமீது குண்டு பாய்ந்தால் விசாரணை வேண்டாம் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

மாநில அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து 2022-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. யாரென்று உறுதிசெய்யாமலே சுட்டார்கள், விதிமுறைகளைப் பின்பற்றவில்லை என்றது. நிற்கச் சொல்லியும் வண்டி நிற்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அப்படி யாரும் நிறுத்தவே இல்லை என்றார் உயிர்பிழைத்தவர். எது உண்மை? சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால்தானே தெரியும்? 2023 பிப்ரவரியில் தில்லி அனுமதி மறுத்தது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு அதற்குக் கேடயம். மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. நீதி கிடைக்கும்வரை இழப்பீட்டைத் தொடமாட்டோம் என்று சொன்ன ஊருக்கு இவர்கள் கொடுத்த பதில் இதுதான்.

எல்லையில் நிற்கிற வீரனின் கையைக் கட்டிப்போடாதீர்கள் என்பார்கள். ஆவடியில் படைக்குடும்பங்கள் நம் அண்டை அயலார். அவர்களின் கவலை நமக்குப் புரியாமல் இல்லை. அந்த 30 பேரும் குற்றவாளிகள் என்று நாம் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்று வெளியே வர அவர்களுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்கிறது.

பொது நீதிமன்றத்தில் விசாரித்தால் ராணுவம் நிலைகுலைந்துவிடுமா? சென்னையைப் பாருங்கள். 2011 ஜூலை 3, தீவுத்திடல் அருகே ராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் பாதாம் பொறுக்கப் போன 13 வயதுக் குடிசைப் பகுதிச் சிறுவன் சுடப்பட்டுச் செத்தான். எங்கள் ஆட்கள் யாரும் சுடவில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. சிபிசிஐடி போலீசார் துப்பாக்கியைக் கூவத்திலிருந்து எடுத்தார்கள். ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னலுக்கு 2012 ஏப்ரலில் விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. பத்து மாதம்கூட ஆகவில்லை. ராணுவத்தின் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவர் பணியில் இருந்து, ஊர் சென்னையாக இல்லாமல் மோனாக இருந்திருந்தால் அந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

ராணுவமே விசாரித்துக்கொள்ளும் என்பவர்கள் பத்ரிபலை மறந்துவிட்டார்கள். 2000 மார்ச்சில் காஷ்மீரில் ஐந்து பேர் தீவிரவாதிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டார்கள். போலி மோதல் என்று சிபிஐ 2006-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. எந்த நீதிமன்றம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ராணுவத்திடம் விட்டது. தங்கள் நீதிமன்றமே போதும் என்றார்கள். 2014 ஜனவரியில், விசாரணையே தொடங்காமல், ஆதாரமில்லை என்று மூடிவிட்டார்கள். காஷ்மீரின் மச்சிலில் நடந்த இன்னொரு போலி மோதல் வழக்கில் ராணுவ நீதிமன்றம் படையினருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017-இல் ராணுவத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது.

கோப்பு தில்லிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய அரசே மாநிலங்களவையில் கணக்குச் சொன்னது. ஜம்மு காஷ்மீர் அரசு அனுப்பிய 50 கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் இருந்தன. ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தையே நீக்குங்கள் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005-இல் சொன்னது. பாலியல் குற்றங்களுக்காவது முன் அனுமதி கேட்காதீர்கள் என்று 2013-இல் நீதிபதி வர்மா குழு மன்றாடியது. படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதுவும் இவர்கள் காதில் ஏறவில்லை.

கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. இலங்கையின் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற ராணுவச் சார்ஜன்டுக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2015-இல் மரண தண்டனை விதித்தது; 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நடுவே ஜனாதிபதி அவரை விடுவித்தார். கொடுமைதான். ஆனாலும் அங்கே சாட்சி சொல்ல முடிந்தது, தீர்ப்பு எழுத முடிந்தது. ஜனநாயகம் பேசும் நம் நாடு அதைக்கூடச் செய்யவில்லை.

இந்த அனுமதி முறைக்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும். கொல்லப்பட்டவர் சாதாரணக் குடிமகன் என்றால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு வர வழி செய்யுங்கள். சட்டத்தைத் திருத்துவீர்களோ, மாற்று ஏற்பாடு செய்வீர்களோ, அது உங்கள் பொறுப்பு. வருங்காலத்தில் அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கோப்பை மறுபடி எடுங்கள். இந்த முறையும் மறுப்பதானால் ஓட்டிங் ஊருக்கு நேரில் போய், அந்த விதவைகளின் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லுங்கள்.