கால் நடந்தால் போதுமா?



ஆவணித் திங்கள் பிறந்துவிட்டால் வடசென்னைப் பங்குகளில் வீட்டுக்கு வீடு காவி உடைகள் கொடியில் காயக் காண்கிறோம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரப் பங்குகள் பலவற்றிலிருந்தும் நம் மக்கள் சிறுசிறு அணிகளாக வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை புறப்படுகின்றனர். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்தைக் காணவேண்டும், அல்லது செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவிற்காவது சென்று சேரவேண்டும் என்பது அவர்களது நேர்ச்சை. தொலைவோ ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடப்பவர்க்கும் பதினொரு நாள்கள் வேண்டும்.

"பேருந்தில் ஏறினால் ஓர் இரவில் போய்விடலாமே, இந்தக் காலத்திலும் நடப்பானேன்?" என்று வினவுவோர் உண்டு. தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு நம் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. விரைந்து செல்லும் வழியை மற்றவர்க்கு முன்பே அறிந்த ஊர் நம் ஊர். ஆயினும் நம்மவர் இன்றும் நடக்கின்றனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இந்தக் கரைவழி பழமையானது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1545-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் புறப்பட்டார் என்றும், எதிர்க்காற்றினால் கப்பல் திரும்பிவிடவே, கரைவழியே கால்நடையாக மயிலாப்பூர் வந்து சேர்ந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். நம் மக்கள் வடக்கிலிருந்து தெற்கே நடக்கும் கரையில் அவர் தெற்கிலிருந்து வடக்கே நடந்தார். அயல்நாட்டார் ஒருவர், மொழியும் சரிவரக் கைவராத நிலையில், அத்தனை நாளும் எவர் வீட்டு நீரைப் பருகினார், எவர் திண்ணையில் தலை சாய்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. வழியிலிருந்த ஊரார் இடமளிக்காவிடில் அவர் மயிலாப்பூரைக் கண்டிருக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

இன்றைய யாத்திரிகர் நிலையும் அதுவே. மாமல்லபுரம் கடந்து, பாலாறு தாண்டி, மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகப் புதுச்சேரியை அடைகின்றனர். பின்னர்க் கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என ஊர் ஊராய்ச் செல்கின்றனர். சைவர் போற்றும் தில்லையும், 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியும், இசுலாமியர் போற்றும் நாகூர் தர்காவும் அவர்களது வழியில் உள்ளன. வழியெங்கும் யாரோ ஒருவர் மோர்ப் பானையுடன் நிற்கிறார். யாரோ ஒருவர் கொப்புளம் கண்ட காலுக்கு எண்ணெய் கொண்டுவருகிறார். கொடுப்பவர் சமயத்தைக் குடிப்பவர் கேட்பதில்லை. குடிப்பவர் ஊரைக் கொடுப்பவர் கேட்பதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபோது, வீடிழந்து வந்தோர்க்கு நாகூர் தர்கா கதவைத் திறந்துவிட்டதை நாடறியும்.

ஆகவே நடைப் பயணம் தரும் முதற்பாடம், நாம் பிறர் தயவில் வாழ்பவர்கள் என்பதே. வீட்டில் எத்தனை வசதியிருப்பினும், பத்தாம் நாள் நண்பகலில் ஒரு குவளை நீருக்குக் கையேந்தும்போது மனிதன் சிறியவனாகிறான். அந்தச் சிறுமை அவனுக்கு நல்லது.

ஆனால் அந்தப் பாடம் ஊர் திரும்பிய பின்னும் நம்மிடம் நிலைக்கின்றதா?

2020-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். கொள்ளைநோய்க்கு அஞ்சி மார்ச்சுத் திங்களில் நாடே அடைக்கப்பட்டது. தொழிற்கூடங்கள் மூடின, கூலி நின்றது. ஒடிசா, வங்காளம், பீகார் என வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தனர். அவர்கள் நடக்கவேண்டியிருந்தது முந்நூறு கிலோமீட்டரன்று, ஆயிரத்திற்கும் மேல். வழியில் சோறிட்டோர் இருந்தனர். அவர்களை இறைவன் ஆசீர்வதிப்பாராக. அதே நாள்களில் நோய் வருமென்று ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்தோரும் இருந்தனர். மராட்டியத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்து இருப்புப் பாதையில் படுத்துறங்கிய 16 தொழிலாளர், மே 8-ஆம் நாள் விடியலில் சரக்கு வண்டியில் அடிபட்டு மாண்டனர்.

இரு சாராரும் நடந்தனர். ஒருவர் காலை நேர்ச்சை நடத்திற்று. மற்றவர் காலைப் பசி நடத்திற்று. காவியுடுத்தியவர்க்குத் திறக்கும் கதவு, அழுக்குச் சட்டையணிந்தவர்க்கும் திறக்கிறதா என்பதில்தான் நம் பக்தியின் உண்மை வெளிப்படும்.

எம்மாவு செல்லும் சீடர் இருவரை நற்செய்தியில் காண்கிறோம். அவர்கள் சென்ற தொலைவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். இராயபுரத்திலிருந்து எண்ணூர் செல்லும் தொலைவுக்குச் சற்றே குறைவு. ஆண்டவர் அவர்களோடு உடன் நடந்தார், மறைநூலை விளக்கினார். உள்ளம் கனன்றபோதிலும் அவர்கள் அவரை அறியவில்லை. ஊர் நெருங்கியதும் அவர் அப்பால் செல்பவர்போல் காட்டிக்கொண்டார். அவர்களோ வற்புறுத்தித் தம்முடன் தங்கச் செய்தனர். பந்தியில் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோதே அவர்களது கண் திறந்தது. வழியில் கண்ட அந்நியரை அவர்கள் வாயிற்படியோடு அனுப்பியிருந்தால், உயிர்த்த ஆண்டவரோடு நடந்தும் அவரை அறியாமலே போயிருப்பர்!

இவ்வாண்டு புறப்படும் அணியினர்க்குச் சில சொல்வோம். நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடவுங்கள். இருளில் நடக்க நேர்ந்தால் அணியின் முன்னும் பின்னும் விளக்கேந்திச் செல்லுங்கள்; களைத்தவரைத் தனியே பின்தங்க விடாதீர்கள். உங்களுக்கு இடமளித்த ஊரில் பிளாஸ்டிக் குப்பையை விட்டுவராதீர்கள்.

வீட்டிலிருப்போர்க்கும் ஒரு கடமையுண்டு. மணலி, எண்ணூர், மாதவரம் பகுதிகளில் பிழைக்க வந்த வடமாநிலத்தார் இன்றும் தகரக் கொட்டகைகளிலும் நெருக்கமான அறைகளிலும் வாழ்கின்றனர். அவர்களது பெயர் நம்மில் எத்தனை பேர்க்குத் தெரியும்? பாத யாத்திரை முடிந்து உங்கள் பிள்ளை திரும்பும் நாளில், பதினொரு நாள் அறிமுகமற்றோர் அவனுக்கு அளித்த உணவிற்கு நன்றியாக, அத்தகைய ஒருவரை உங்கள் பந்திக்கு அழையுங்கள். மொழி தெரியாவிடில் பாதகமில்லை. சோற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அன்னைக்கு நாம் செய்த நேர்ச்சை அன்றே நிறைவு பெறும்.